கரணம் மாறிய கதை

"நம் பண்பாட்டில் இதற்கு இடமில்லை." 2023 ஏப்ரலிலிருந்து இந்த வாக்கியத்தைப் பலரிடம் கேட்டுவிட்டேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். கல்லூரி ஆசிரியர் அறையில் கேட்டது. எங்கள் ஊர் தேரடியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவரும் இதையே சொன்னார். தன்பால் இணையரின் திருமணத்தைச் சட்டம் ஏற்க வேண்டும் என்று கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அந்த ஏப்ரல் 18 முதல் மே 11 வரை பத்து நாட்கள் விசாரித்தார்கள். கணவன், மனைவி, அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் என்பதே இந்தியக் குடும்பம் என்றது ஒன்றிய அரசு. இது நகரத்து மேட்டுக்குடியினரின் கருத்து என்றும் சொன்னது. ஜமியத் உலமா-இ-ஹிந்த் அமைப்பும் அகில பாரதிய சந்த் சமிதியும் எதிர்த்து மனு செய்தன. வேறு எதிலும் ஒன்றுசேராத தரப்புகள் இதில் ஒரே பக்கம் நின்றன.

நான் சட்டம் படித்தவள் இல்லை. தமிழ் இலக்கியம் படித்தவள், கற்பிப்பவள். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் ஒரு கேள்வியைத் தொடர விரும்புகிறேன். பண்பாடு என்று இன்று நம் முன் வைக்கப்படும் இந்தத் திருமணம் எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது? அதை மாற்றியவர்கள் யார்? ஒவ்வொரு மாற்றத்தின்போதும் யார் எதிர்த்தார்கள்?

தொல்காப்பியத்தின் கற்பியலிலேயே இதற்கு விடையின் முதல் நுனி கிடைக்கிறது. திருமணச் சடங்குக்கு அந்நூல் தரும் பெயர் கரணம். பொய்யும் வழுவும் தோன்றிய பிறகு பெரியோர்கள் கரணத்தை வகுத்தார்கள் என்கிறது அது. காதலித்தவளை அறியேன் என்று கைவிடும் ஆண்கள் பெருகியதால் பலர் அறிய ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது என்றே நான் இதைப் படிக்கிறேன். மேலோர் மூவருக்கு வகுத்த கரணம் கீழோருக்கும் ஆன காலம் உண்டு என்றும் அதே இயல் சொல்கிறது. இலக்கணக்காரர் இங்கே வரலாறு பேசுகிறார். சடங்கு வானத்திலிருந்து விழவில்லை. ஒரு தேவைக்காக மனிதர்கள் அதை உண்டாக்கினார்கள், பிறகு அது ஒரு கூட்டத்திடமிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் போனது.

அகநானூற்றின் 86-ஆம் பாடலைப் பாடம் நடத்தும்போதெல்லாம் வகுப்பில் ஒரு மாணவியாவது கேட்டுவிடுவாள்: "அம்மா, இதுல தாலி எங்க? ஐயர் எங்க?" இரண்டும் இல்லை. பந்தல் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, உளுந்து சேர்த்துக் குழைய ஆக்கிய சோறு இருக்கிறது. முதுபெண்கள் குடத்தில் நீர் கொண்டுவருகிறார்கள். பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் பூவும் நெல்லும் இட்ட நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். 136-ஆம் பாடலில் இறைச்சி கலந்த சோற்று விருந்து. மணமகளுக்குச் சூட்டுவது வெண்ணூல். இரண்டு பாடல்களிலும் தீவலம் கிடையாது. சிலப்பதிகாரத்துக்கு வந்தால் முதிய பார்ப்பான் வழிகாட்டக் கோவலனும் கண்ணகியும் தீவலம் செய்கிறார்கள். இலக்கியத்தின் சில நூற்றாண்டுகளுக்குள்ளேயே திருமணத்தின் கைகள் மாறிவிட்டன. பெண்களின் கையில் இருந்த நீர்க்குடம் பின்னே போய், தீயும் மந்திரமும் முன்னே வந்தன.

இதைச் சொல்லும்போது பழங்காலத்தைப் பொற்காலமாக்கும் ஆசை எனக்கு இல்லை. அந்த நான்கு பெண்களின் வாழ்த்தே கற்பில் வழுவாமல் கணவன் விரும்பும் துணையாக இரு என்பதுதான். தன்பால் திருமணம் சங்க காலத்தில் நடந்தது என்று சொல்லவும் நான் வரவில்லை; அதற்குச் சான்று தேடி நூல்களை வளைக்க வேண்டியதும் இல்லை. என் வாதம் எளிது. என்றுமே மாறாத ஒரு தமிழ்த் திருமணம் இருந்தது என்பதற்கு நம் இலக்கியம் சாட்சி சொல்லாது.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 1929-ல் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு ஆக்கியபோது, சாத்திரத்துக்கு விரோதம் என்று வைதிகர்கள் கொதித்தார்கள். பூப்புக்கு முன் மணம் முடிப்பதே அவர்கள் காக்க நினைத்த பண்பாடு. கோயிலில் தெய்வத்தின் பெயரால் சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை நிறுத்த முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள்; 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. அதையும் கோயில் பண்பாடு என்று காத்து நின்றவர்கள் படித்தவர்கள், தேசியவாதிகள். இந்துக்களிடையே ஓர் ஆண் பல மனைவியரை மணப்பதை 1949-ல் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது. அதே சட்டம் மணவிலக்குக்கும் வழி தந்தது. நாடு முழுமைக்கும் இதைக் கொண்டுவர முயன்ற இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியபோது, 1951 செப்டம்பரில் அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1955-ல்தான் இந்துத் திருமணச் சட்டம் நிறைவேறியது.

இந்த வரிசையை நான் கரும்பலகையில் எழுதிப் போடுவது வழக்கம். குழந்தை மணம், பொட்டுக்கட்டு, பலதார மணம், மணவிலக்கு இல்லாத மணம். நான்கும் ஒரு காலத்தில் பண்பாடு. நான்கையும் நீக்கினால் குடும்பம் சிதையும் என்றார்கள். குடும்பம் சிதையவில்லை. அதற்குள் மூச்சுவிடச் சிறிது இடம் பெண்ணுக்குக் கிடைத்தது.

தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய ஓர் அத்தியாயம் இங்கே இருக்கிறது. 1928-ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததையே முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. இருவர் தங்கள் விருப்பத்தைப் பலர் முன் சொன்னால் போதும். பல மணங்களில் தாலியும் விலக்கப்பட்டது. இப்படி மணந்தவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். சட்டமோ அவர்களை ஏற்கவில்லை. 1950-களின் தொடக்கத்தில் தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. சாத்திரச் சடங்குகள் நடக்கவில்லை; வழக்காறு என்று ஏற்கவோ அதற்குப் போதிய பழமை இல்லை. அதாவது நேற்றுத் தோன்றியது பண்பாடு ஆகாது.

தீர்ப்பின் சுமை யார்மேல் விழுந்தது என்று பாருங்கள். மேடையில் பேசிய தலைவர்கள்மேல் அது விழவில்லை. மனைவி என்று ஊரறிய வாழ்ந்த பெண், சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லாமல் போனாள். அவள் பெற்ற பிள்ளைகளின் சொத்துரிமை கேள்விக்குள்ளானது. 1967-ல் அண்ணா தலைமையிலான அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது; 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில், ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலே திருமணம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். ஏதேனும் ஒன்று போதும். அதற்கு முன் நடந்திருந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது அந்தச் சட்டம். சுக்கிலநத்தத்திலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். சட்டம் அங்கீகரிக்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. வாழ்ந்து காட்டினார்கள், சட்டம் பின்னால் வந்தது.

இந்தப் பிரிவிலும் ஓர் எல்லை உண்டு. ஏற்கிறவர் "மனைவி"யாகவோ "கணவனா"கவோ ஏற்க வேண்டும் என்றே அதன் வாசகம் இருக்கிறது. புரோகிதரை வெளியே அனுப்பிய சட்டம், ஆண் பெண் என்ற சோடியை அப்படியே வைத்துக்கொண்டது. ஆனாலும் அதன் அடித்தளம் இருவரின் சம்மதச் சொல். சடங்குக்குப் பதில் சொல்லை மணமாக்கிய பிறகு, அந்தச் சொல்லை யார் சொல்லலாம் என்று வரம்பு கட்டுவதற்கான காரணம் மெலிந்துவிடுகிறது.

எங்கள் பகுதியின் கதை ஒன்றையும் சேர்க்க வேண்டும். நான் ஸ்ரீமுஷ்ணத்துக்காரி. திருமுட்டம் என்பது பழைய பெயர். பூவராகர் கோயில்தான் ஊரின் அடையாளம். மாசி மகத்தின்போது பூவராகர் கடலாடக் கிள்ளைக்குப் போவார். அங்குள்ள தர்காவின் சார்பில் முஸ்லிம்கள் சுவாமிக்கு மரியாதை செய்வார்கள். எந்த ஆகமம் இதற்கு இடம் தந்தது என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. மக்கள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தார்கள், வழக்கம் உண்டானது, அது மதமும் ஆயிற்று. விருத்தாசலம் தாண்டி உளுந்தூர்பேட்டைப் பக்கம் போனால் கூவாகம். சித்திரைத் திருவிழாவில் திருநங்கையர் கூத்தாண்டவருக்கு மணப்பெண்களாகிறார்கள். பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுகிறார்கள். திருநங்கையரின் இந்தச் சடங்கும் தன்பால் திருமணமும் ஒன்றல்ல, குழப்பக் கூடாது. ஆனால் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற சட்டகத்துக்கு வெளியே ஒரு தாலி இதே மண்ணில், கோயிலுக்குள், பூசாரி கையாலேயே கட்டப்படுகிறது. ஓர் இரவுக்கு மணப்பெண்ணாக அவர்களை ஏற்கும் ஊர், மறுநாள் வாடகைக்கு வீடு தரத் தயங்குகிறது. அங்கே மதம் தடையாக நிற்கவில்லை, நாம் நிற்கிறோம்.

இதே மண்ணில்தான் இன்னொன்றும் நடந்தது. 2003-ல் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையின் கண்ணகி, வன்னியர் பெண். முருகேசன், பொறியியல் படித்த தலித் இளைஞர். கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஆணும் பெண்ணும்தான், வயது வந்தவர்கள்தான், சட்டப்படியான மணம்தான். ஜூலை 8 அன்று இருவருக்கும் நஞ்சு ஊற்றிக் கொன்று எரித்தார்கள், பெண்ணின் சொந்தங்களே. கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2021 செப்டம்பர் ஆயிற்று. பதின்மூன்று பேர் குற்றவாளிகள். அவர்களில் இருவர் காவல்துறையினர். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தண்டனைகளை உறுதிசெய்தது. இருபத்திரண்டு ஆண்டுகள்.

தன்பால் திருமணம் பற்றிய கட்டுரையில் இந்தக் கொலை எதற்கு என்று கேட்கலாம். பண்பாடு, குடும்ப மானம் என்ற சொற்கள் இங்கே என்ன வேலை செய்கின்றன என்பதை அது காட்டுகிறது. ஆணும் பெண்ணும் மணந்தாலும் குடும்பம் வகுத்த கோட்டுக்குள் மணக்க வேண்டும். கோடு சாதி. காவல் காக்கப்படுவது சொத்தும் பெண்ணின் கருப்பையும். தன் துணையைத் தானே தேர்ந்தெடுத்த பெண் என்பதே குற்றம். தேர்ந்தெடுத்தது வேற்றுச் சாதி ஆணாக இருந்தாலும் இன்னொரு பெண்ணாக இருந்தாலும் அவளைத் துரத்தும் கைகள் ஒன்றே. வீட்டுச் சிறை, அடி, அவசரக் கல்யாணம், "காணவில்லை" என்று காவல் நிலையத்தில் ஒரு புகார்.

நான் சொல்வதற்கு நீதிமன்ற ஆவணங்களே சான்று. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்களைத் தேடி அப்படித்தான் புகார் கொடுக்கப்பட்டது. அவர்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றிய தன் அறிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே 2021 ஜூன் 7 அன்று தீர்ப்பு எழுதினார். பாலீர்ப்பை "மாற்றும்" சிகிச்சைகளுக்கு அத்தீர்ப்பு தடை விதித்தது. அதன் தொடர்ச்சியாகப் பால்புதுமையினரைக் காவல்துறையினர் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டின் நடத்தை விதிகளில் தனி விதி சேர்ந்தது. கேலியில்லாமல் பேசத் தமிழில் ஒரு சொற்பட்டியலும் அரசிதழில் வந்தது. தமிழ் ஆசிரியைக்கு இந்தச் சொற்பட்டியல் சிறிய செய்தி இல்லை. ஒருவரைக் குறிக்க வசைச்சொல் மட்டுமே இருக்கும் மொழியில் அவருக்குக் குடியுரிமை இல்லை.

2023-க்கு வருவோம். அந்த ஆகஸ்ட் 28 அன்று இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 7-ஏ பிரிவின்கீழ் நடக்கும் மணத்துக்குப் பகிரங்க விழா தேவையில்லை என்றது. வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சும் இணையரை ஊரறிய மணக்கச் சொல்வது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று காரணமும் சொன்னது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி எஸ். ரவீந்திர பட்தான், ஏழு வாரம் கழித்து அக்டோபர் 17 அன்று தன்பால் திருமண வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பையும் எழுதினார். மணம் செய்யும் உரிமை அடிப்படை உரிமை ஆகாது என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். திருமணம் என்ற பெயர் இல்லாவிட்டாலும் இணையராக அங்கீகாரம் பெறும் உரிமை உண்டா என்பதில் மூவர் இல்லை என்றார்கள். தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் உண்டு என்றார்கள். சட்டம் இயற்ற வேண்டியது நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் என்று பந்து திருப்பி எறியப்பட்டது. 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடி ஆயின.

விசாரணையின்போது மாநிலங்களின் கருத்தைக் கேட்டார்கள். பதில் எழுதியவை ஏழு. ராஜஸ்தான், ஆந்திரம், அசாம் எதிர்த்தன. மற்றவை கால அவகாசம் கேட்டன. அந்த ஏழில் தமிழ்நாடு இல்லை. சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கிய ஒரே மாநிலம் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். பேச வேண்டிய இடத்தில் நம் பெயர் இல்லாதது எனக்கு உறுத்துகிறது.

பெண்ணியவாதிகளான நமக்குள்ளேயே ஒரு மறுப்பு இருக்கிறது, அதை மதிக்கிறேன். திருமணமே பெண்ணை அடிமையாக்கிய ஏற்பாடு. சாதியை மறுஉற்பத்தி செய்யும் இயந்திரம். அதற்குள் நுழைய இவர்கள் ஏன் வரிசையில் நிற்க வேண்டும்? கவிதை எழுதுகிறவளாக இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். ஆனால் எங்கள் தெருவில் நான் பார்த்தது வேறு கணக்கைச் சொல்கிறது.

எங்கள் தெருவில் இரண்டு அக்காக்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒருவர் துணி தைத்தார், இன்னொருவர் சத்துணவு சமைத்தார். ஒரே அடுப்பு, ஒரே சீட்டுக்கட்டுப் புத்தகம், ஒரே ஆட்டுக்கொட்டகை. அவர்கள் உறவுக்குப் பெயர் வைக்க எனக்கு உரிமை இல்லை, அவர்களும் வைக்கவில்லை. தைக்கிற அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டபோது, மருத்துவமனையில் "கையெழுத்துப் போட சொந்தக்காரங்க யாரு?" என்று கேட்டார்கள். பதினெட்டு ஆண்டு உடனிருந்தவர் சொந்தக்காரர் ஆகவில்லை. வருடத்துக்கு ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத தம்பிக்கு ஆள் அனுப்பினார்கள். அக்கா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தம்பி வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். சட்டப்படி அவர் செய்ததில் தவறில்லை. மணமாகாத, பெற்றோர் இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி சொத்து தந்தையின் வாரிசுகளுக்குப் போகும். சமைக்கிற அக்கா இரண்டு ஆடுகளோடு தன் அண்ணன் வீட்டுத் திண்ணைக்குப் போனார். நகரத்து மேட்டுக்குடி என்று அரசு சொன்னபோது நான் நினைத்தது அந்தத் திண்ணையைத்தான்.

திருமணம் வேண்டாம் என்று சொல்வதற்கும் அதற்குள் நுழையும் உரிமை முதலில் வேண்டும். கதவு திறந்திருக்கும் வீட்டுக்குள் போகாமல் இருப்பது என் தேர்வு. பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவளிடம் அந்தத் தேர்வைப் பற்றிப் பேசுவது கொடுமை.

திருமணம் மட்டுமே வழி என்றும் நான் சொல்லவில்லை. 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், வீட்டார் பிடித்துவைத்திருந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணை அவள் விரும்பிய தோழியோடு போக விடுவித்தார்கள். திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழி இல்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று எழுதினார்கள். அந்தப் பெண்ணைக் காவல்துறையே வீட்டாரிடம் ஒப்படைத்திருந்தது என்பதையும் பதிவுசெய்தார்கள். 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இணையர் தங்கள் கூட்டு வாழ்வைப் பத்திரமாகப் பதிவுசெய்யும் முறை பற்றி ஆராயத் தமிழ்நாடு அரசுக்குச் சொன்னார். 2024-ல் ஒன்றிய அரசே ரேஷன் அட்டையில் இணையரை ஒரே குடும்பமாகக் கொள்ளவும், கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை என்றும் அறிவித்தது. இவை சிறிய கதவுகள். இன்றே பயன்படுத்தக் கூடியவை. கூடவே, உயில் எழுதுங்கள் என்று என் மாணவியரிடம் சொல்கிறேன். அதற்கு எந்த நீதிமன்றமும் இனிமேல் அனுமதி தர வேண்டியதில்லை.

உலகம் நமக்காக நிற்கவில்லை. நெதர்லாந்து 2001-ல் தொடங்கியது. ஆசியாவில் 2019-ல் தைவான், 2025 ஜனவரியில் தாய்லாந்து. இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் நேபாளத்தில் 2023 நவம்பரில் முதல் பதிவு நடந்தது. மறுபக்கம் இலங்கை. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற தண்டனைச் சட்டத்தின் 365-ஏ பிரிவு அங்கே முதலில் ஆண்களை மட்டுமே குற்றவாளியாக்கியது. 1995-ல் "ஆண்" என்பதை "ஆள்" என்று திருத்திப் பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். சமத்துவம் அந்த வழியாகவும் வரும். நம் 377-ஆம் பிரிவும் 1860-ல் ஆங்கிலேயர் எழுதியதே. 2018 செப்டம்பர் 6 அன்று அதன் பிடி தளரும்வரை, விக்டோரியா காலத்து ஒழுக்கத்தை நாம் நம் பண்பாடு என்றே நம்பிக்கொண்டிருந்தோம்.

திருமணம் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மாநிலம் திருத்தம் கொண்டுவரலாம். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். 1967-ல் சென்ற பாதையும் இதுவே. ஒப்புதல் கிடைக்காமல் போகலாம். ஆனால் ஒரு மாநிலச் சட்டமன்றம் தன் அவையில் அந்த விவாதத்தை நடத்தினாலே, திண்ணைக்குப் போன பெண்களைப் பற்றி அரசு முதன்முறையாகப் பேசியதாக இருக்கும். 7-ஏ பிரிவில் "மனைவி", "கணவன்" என்று இருக்கும் இடத்தில் "வாழ்க்கைத் துணை" என்று எழுதினால் போதும். இரண்டு சொற்களை மாற்றும் வேலை. கரணத்தை இதைவிடப் பெரிதாகப் பலமுறை மாற்றியவர்கள் நாம்.